ராக் வாங்கும் முன் காரைக் கேளுங்கள்

ஒஹாயோவில் ஏப்ரல் கடைசியில் குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கத் தொடங்கியதும் நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "காருக்குப் பின்னாடி சைக்கிள் மாட்டிட்டுப் போக எந்த ராக் நல்லா இருக்கும்?" ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அப்படிச் சொல்வதில்லை. "உங்க கார் எது? சைக்கிள் எத்தனை? ஒவ்வொண்ணும் எவ்வளவு எடை?" என்று திருப்பிக் கேட்பேன். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதில் கைக்கு வரும்வரை ராக் வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சின்சினாட்டிக்கு வடக்கே, மேசன் பக்கம் இருப்பவர்களுக்கு லிட்டில் மயாமி பாதை பெரிய வரம். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சின்சினாட்டியின் கிழக்கு ஓரம் வரை ஏறத்தாழ 78 மைல், பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்டு அமைத்த பாதை. ரயில் ஏறிய தடம் என்பதால் செங்குத்தான மேடு கிடையாது. குறுக்கே வரும் சாலைகளில் நின்று கடப்பதைத் தவிர கார்களின் தொந்தரவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் ஒரே வேகத்தில் சேர்ந்து ஓட்டலாம். ஆனால் லவ்லண்டோ மாரோவோ ஸீனியாவோ, பாதை தொடங்கும் இடம் வரை சைக்கிளைக் கொண்டு சேர்க்கக் கார்தான் வேண்டும். வீட்டு வாசலிலிருந்து ஓட்டியே போகலாம் என்றால் நடுவில் வருவது வேகமாக வண்டிகள் பறக்கும் சாலைகள். குழந்தைகளை அதில் இறக்க எனக்கு மனம் வராது.

டிக்கியில் பட்டை போட்டு இழுத்துக் கட்டும் ராக் விலை குறைவு. ஒரு சின்ன சைக்கிளை எப்போதாவது எடுத்துப் போக அது போதும். ஆனால் இன்றைய கார்களின் பின்கதவில் பிளாஸ்டிக் ஸ்பாய்லரும் கண்ணாடி விளிம்பும் இருப்பதால் கொக்கி மாட்ட உறுதியான இடம் கிடைப்பதில்லை. பெயின்ட்டும் தேயும். கூரை ராக் இன்னொரு வழி. உயரமான எஸ்யூவியின் தலைக்கு மேல் 30 பவுண்டு சைக்கிளைத் தூக்கி வைக்க வேண்டும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து கேரேஜுக்குள் நுழைந்தால் சைக்கிள், கூரை, கேரேஜ் மூன்றும் போச்சு. எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அமெரிக்க எரிசக்தித் துறையின் எரிபொருள் சிக்கனத் தளத்தில் சாமான் பெட்டிகளுக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள். கூரையில் பெரிய பெட்டி வைத்து இன்டர்ஸ்டேட் வேகத்தில் போனால் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம். பின்னால் பொருத்தும் பெட்டியென்றால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான். சைக்கிளுக்கு இதே எண்கள் பொருந்தாது. ஆனாலும் காற்றை நேராகக் கிழித்துக்கொண்டு கூரையில் நிற்பதைவிடக் காரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருவது நல்லது என்பதை அது காட்டுகிறது.

சியென்னா, ஒடிஸி போன்ற மினிவேன் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்தால் ராக்கே வேண்டாம். மூன்றாவது வரிசையை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய போர்வையை விரித்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மழையும் படாது, திருடனும் பார்க்க மாட்டான்.

மற்றவர்களுக்கு ஹிட்ச் ராக்தான். பின்பம்பருக்குக் கீழே, காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புக் குழாய்தான் ஹிட்ச். அதன் நடுவிலுள்ள சதுர ஓட்டைக்கு ரிசீவர் என்று பெயர். ராக்கின் தண்டு அதற்குள் போகும், குறுக்கே ஒரு பின் சொருகுவோம். கார்களுக்கு வரும் ரிசீவர் பெரும்பாலும் இரண்டு அளவு: ஒன்றேகால் இன்ச், 2 இன்ச். சின்னக் கார்களுக்கு வரும் ஒன்றேகால் இன்ச் ஹிட்ச் பெரும்பாலும் கிளாஸ் 1 வகை. அது 2000 பவுண்டு டிரெய்லரை இழுக்கும், தன்மேல் செங்குத்தாக 200 பவுண்டு தாங்கும். 2 இன்ச் பொதுவாக கிளாஸ் 3 வகை, அதன் எண்கள் இன்னும் பெரியவை.

இங்கே பலர் பார்ப்பது இழுக்கும் எண்ணை. "ஆயிரக்கணக்கில் இழுக்கும்னு போட்டிருக்கே, நாலு சைக்கிள் எம்மாத்திரம்?" என்பார்கள். டிரெய்லரின் எடையில் பெரும்பங்கை அதன் சொந்தச் சக்கரங்களே சுமக்கின்றன. சைக்கிள் ராக்குக்குச் சக்கரம் இல்லை. ராக்கும் அதிலிருக்கும் சைக்கிள்களும் முழுக்க முழுக்க ஹிட்சில்தான் தொங்குகின்றன. ஆகவே நமக்கு வேண்டியது அந்தச் செங்குத்து எண். இங்கே அதை டங் வெயிட் என்கிறார்கள்; பொதுவாக இழுக்கும் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பம்பரை ஒட்டிய இடத்துக்கான கணக்கு. ராக்கில் கடைசி சைக்கிள் பம்பரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நிற்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்து நடப்பதும் ஒன்றா? தள்ளிப் போகப் போக அதே எடை ஹிட்சை அதிகமாக முறுக்கும். குளிர்காலம் முடிந்து குழிவிழுந்த சாலையில் கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த முறுக்கு இன்னும் கூடும்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் மதுரைக்காரத் தம்பி ஒரு நாள் போன் செய்தார். "அண்ணே, நாலு சைக்கிள் வைக்கிற ராக் ஒண்ணு ஆஃபர்ல போட்டிருக்கான். ராத்திரியோட முடியுது. வாங்கிரவா?"

"இருங்க தம்பி, முதல்ல ஒரு காகிதம் எடுங்க" என்றேன்.

அவருடையது பெட்ரோல் ஹோண்டா சிஆர்வி. அதன் இழுவை வரம்பு 1500 பவுண்டு, பத்தில் ஒரு பங்கு 150. அவர் சைக்கிளும் வீட்டுக்காரம்மா சைக்கிளும் தலா 30, பெரியவளுடையது 28, சின்னவனுடையது 22. ஆக மொத்தம் 110. நாலு சைக்கிள் தட்டு ராக் மட்டுமே எண்பது பவுண்டைத் தாண்டுவது சகஜம். கூட்டினால் 190க்கு மேல். "அண்ணே, ஹிட்ச் போடுற கடையில 2 இன்ச், கிளாஸ் 3 போட்டுத் தர்றேன், தாராளமாத் தாங்கும்னு சொல்றாங்களே" என்றார்.

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஹிட்ச் தாங்கும், உண்மை. அதைப் பிடித்திருக்கும் காரின் அடிச்சட்டமும் பின் சஸ்பென்ஷனும் தாங்குமா என்பதல்லவா கேள்வி? எவ்வளவு பெரிய ஹிட்ச் போட்டாலும் காரின் வரம்பு ஒரு பவுண்டு கூடாது. கார், ஹிட்ச், ராக் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. அவற்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் எண். காரின் எண் கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கங்களில் இருக்கும். ஒரே மாடலிலேயே எஞ்சினைப் பொறுத்து மாறும், ஹைப்ரிட்டுக்கு வேறாக இருக்கலாம். சில கார்களில், குறிப்பாக மின்சாரக் கார்களில், டிரெய்லருக்கு ஓர் எண்ணும் சைக்கிள் ராக்குக்கு அதைவிடக் குறைந்த இன்னோர் எண்ணும் தனித்தனியே கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கடைக்காரர் வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

தம்பிக்குச் சொன்ன வழி: இரண்டு சைக்கிளுக்கான தட்டு ராக் வாங்குங்கள். பெரியவர்களின் சைக்கிள் இரண்டும் பின்னால் வரட்டும். ராக்கோடு சேர்த்து 110, 120 பவுண்டில் முடிந்துவிடும். பிள்ளைகளின் சைக்கிளைப் பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கி உள்ளே வைத்துவிடலாம். இப்போது அப்படித்தான் போகிறார்கள். பெரிய வேன் உள்ளவர்கள் கதை வேறு. சியென்னாவின் வரம்பு 3500 பவுண்டு. அதில் நாலு சைக்கிள் ராக் நியாயமான ஆசை.

சைக்கிளை எப்படி எடை போடுவது என்று கேட்பார்கள். குளியலறை எடைக்கருவியில் முதலில் நீங்கள் ஏறுங்கள், பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அடுத்து ராக்கின் வகை. தொங்கவிடும் ராக்கில் ஒரு கம்பமும் அதிலிருந்து நீளும் இரண்டு கைகளும் இருக்கும். சைக்கிளின் மேல்கம்பியை அந்தக் கைகளின் மேல் வைத்து ரப்பர் பட்டையால் பூட்டுவோம். எடை குறைவு, விலை குறைவு, மடக்கிச் சுவரில் சாய்த்தும் விடலாம். தட்டு ராக்கில் சைக்கிள் தன் சக்கரங்களின் மேல் நிற்கும். முன்டயரை ஒரு கொக்கிக் கை அழுத்திப் பிடிக்கும், பின்டயரைப் பட்டை கட்டும். தூலி, யாகிமா, குவாட் மூன்று நிறுவனங்களின் தட்டு ராக்குகளும் பெரும்பாலும் இந்த முறைதான். விஸ்கான்சினில் தயாராகும் ஒன்அப் ராக்கில் இரண்டு டயரையும் இரண்டு கைகள் கவ்வும், ஃபிரேமை எதுவும் தொடாது.

என் தீர்ப்பு தட்டு ராக்குக்கே. கையில் பணம் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஒரு வருடம் பொறுத்தாவது அதையே வாங்குங்கள் என்பேன். தொங்கும் சைக்கிள் ஆடும். ஆட்டத்தில் ஒன்றன் பெடல் இன்னொன்றின் ஃபிரேமில் கீறும், ஹேண்டில்பார் திரும்பிக் காரின் கண்ணாடியை முட்டும். கார்பன் ஃபிரேமை அங்கே கவ்விப் பிடிப்பது நல்லதல்ல, பல தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். இன்னொரு சிக்கல் லேடீஸ் சைக்கிள். மேல்கம்பி இல்லாத அதை எங்கே தொங்கவிடுவது? சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் குறுக்கே தனியாக ஒரு கம்பி வாங்கி மாட்டவேண்டும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளிலும் இதே பாடு, அவற்றின் ஃபிரேம் குட்டையாகவும் வளைந்தும் இருக்கும். நம் வீடுகளில் அம்மா சைக்கிள், பிள்ளை சைக்கிள் இரண்டும்தான் கட்டாயம் இருக்கும். தட்டு ராக்குக்கு ஃபிரேம் எப்படி இருந்தாலும் கவலையில்லை, சக்கரம் இருந்தால் போதும்.

தட்டு ராக்கிலும் கேட்டு வாங்கவேண்டியவை இருக்கின்றன. 20 இன்ச் சக்கரம் வைத்த பிள்ளை சைக்கிள் எல்லாத் தட்டிலும் நிற்காது. சிலவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். முன்சக்கரத்தில் முழுநீள மட்கார்டு இருந்தால் கொக்கிக் கை டயரை அழுத்த இடமிருக்காது, மட்கார்டை நசுக்கும். அப்படிப்பட்ட சைக்கிள் உங்களுடையது என்றால் தட்டில் நிறுத்தி ஃபிரேமைப் பிடிக்கும் வகையைப் பாருங்கள், ஹாலிவுட் ராக்ஸ் அந்த மாதிரி செய்கிறது. தட்டுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு சைக்கிளின் முன்பக்கம் இடது, அடுத்ததன் முன்பக்கம் வலது என்று மாற்றி வைத்தாலும் சில ராக்குகளில் சீட்டும் ஹேண்டிலும் முட்டிக்கொள்ளும். சீட்டை இறக்கிவிட்டால் தீரும் தகராறுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏற்றுவது சலிப்பு. முடிந்தால் உங்கள் சைக்கிளையே கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நல்ல சைக்கிள் கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனியுங்கள். இப்போது ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காகப் பலர் அதை வாங்குகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அது 50 முதல் 70 பவுண்டு வரை எடை இருக்கும். பல ராக்குகள் ஒரு தட்டுக்கு 60 பவுண்டோடு நிறுத்திவிடும். தொங்கும் ராக்குகளில் அது இன்னும் குறைவு. இரண்டு 65 பவுண்டு சைக்கிளும் 60 பவுண்டு ராக்கும் சேர்ந்தால் 190. அந்த சிஆர்வி மறுபடியும் வரம்பைத் தாண்டுகிறது. பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஒவ்வொன்றிலும் ஆறேழு பவுண்டு மிச்சம், மழைநீரும் புகாது. தூக்க முடியாதவர்கள் ஏற்றுப்பலகை உள்ள ராக்கைத் தேடுங்கள். சைக்கிளை உருட்டியே ஏற்றிவிடலாம். அறுபது வயதுக்காரர் முதுகை வளைத்து 65 பவுண்டைத் தூக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஹிட்ச் போடும்போது இடம் இருந்தால் 2 இன்ச்சே போடுங்கள். காரின் வரம்பு அதனால் கூடாது என்று மேலே சொன்னேன். ஆனால் நல்ல ராக்குகளில் பல 2 இன்ச்சுக்கே வருகின்றன, காரை மாற்றினாலும் ராக் கூடவே வரும். ஒன்றேகால் இன்ச் ரிசீவரில் அடாப்டர் மாட்டி 2 இன்ச் ராக்கை வைக்கும் யோசனை வேண்டாம். அது ராக்கை இன்னும் பின்னால் தள்ளும், பல ராக் தயாரிப்பாளர்கள் அதை ஏற்பதில்லை. யூஹால் கடைகளிலும் டிரெய்லர் கடைகளிலும் ஹிட்ச் பொருத்தித் தருகிறார்கள். டிரெய்லர் விளக்குக்கான ஒயரிங்கையும் சேர்த்து விலை சொல்வார்கள். விளக்கு இல்லாத சாதாரண சைக்கிள் ராக்குக்கு ஒயரிங் தேவையில்லை, அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சொந்தக் கையாலேயே போடலாம் என்பவர்கள் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறங்கவேண்டாம். அந்தப் போல்ட்டுகளை எவ்வளவு முடுக்கவேண்டும் என்று கையேட்டில் எண் இருக்கும், கைக்கணக்கில் முடுக்கக்கூடாது.

ராக் வந்தபிறகுதான் தெரியும் சில சங்கதிகளும் உண்டு. ரிசீவருக்கும் தண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருப்பதால் ராக் லொடலொடவென்று ஆடும். நல்ல ராக்குகளில் ஒரு திருகைச் சுற்றினால் உள்ளே ஓர் ஆப்பு விரிந்து இறுக்கிக்கொள்ளும். அந்த வசதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சைக்கிளோடு ராக்கைப் பின்பக்கம் சாய்க்கும் வசதியும் அப்படித்தான். இல்லையென்றால் நடுவழியில் தயிர்சாதப் பாத்திரத்தை எடுக்க எல்லாச் சைக்கிளையும் இறக்கவேண்டும். கடைசி சைக்கிள் வரை சாய்த்தபிறகும் டிக்கிக் கதவு முட்டாமல் திறக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். காலைக் கீழே ஆட்டினால் தானே திறக்கும் கதவு உங்கள் காரில் இருந்தால், ராக் போட்டிருக்கும் நாளில் அதை அணைத்துவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் கத்தும், சில கார்கள் தாமாகவே பிரேக் போடும். அதற்கும் காரின் திரையில் வழி இருக்கும்.

சைலன்சர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அதன் வாய்க்கு நேரே டயரோ கார்பன் ரிம்மோ வந்தால் சூட்டில் வீணாகிவிடும். அந்தப் பக்கம் வரும் சக்கரம் சைலன்சரைத் தாண்டி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிள் ஏற்றியபின் எஞ்சினை நிறுத்தாமல் வெகுநேரம் நிற்காதீர்கள்.

நம்பர் பிளேட்டும் முக்கியம். ஒஹாயோவில் 2020 ஜூலை முதல் முன்பக்க பிளேட் கட்டாயமில்லை. அதனால் நம் கார்களுக்கு இருப்பது பின்பிளேட் ஒன்றுதான், அது மறையாமல் தெரியவேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டம் வேறு, அடுத்த மாநிலத்துக்குப் போகும்போது அங்கத்திய சட்டமும் பொருந்தும். காலியாக இருக்கும் ராக்கை நிமிர்த்தி மடக்கி வைத்தால் பிளேட்டை முழுசாக மறைக்கும். ஆகவே சைக்கிள் இல்லாத நாளில் கழற்றி கேரேஜில் வையுங்கள். பிரேக் விளக்குகளைச் சக்கரங்கள் மறைக்கின்றனவா என்று வீட்டில் ஒருவரை பிரேக் அழுத்தச் சொல்லிப் பின்னால் போய் நின்று பாருங்கள்.

கழற்றி வைக்க இன்னொரு காரணம் உப்பு. இங்கே பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். டிசம்பரில் ராக் காரிலேயே கிடந்தால் மார்ச்சில் தண்டு ரிசீவருக்குள் துருவோடு ஒட்டிப்பிடித்துக்கொள்ளும்; பிறகு சுத்தியல்தான். ரிசீவர் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போடுங்கள், தண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

விலை என்று பார்த்தால் தொங்கும் ராக் 150 டாலர் சுற்றி ஆரம்பிக்கும், நல்ல தட்டு ராக் 400 முதல் 900 வரை போகும். பழையது வாங்குவதில் தவறேயில்லை. நன்றாகச் செய்த ராக் பல வருடம் உழைக்கும். வாங்கும்போது சாவிகள் எல்லாம் இருக்கிறதா, கொக்கிக் கை நழுவாமல் பல்பல்லாய் நிற்கிறதா, வெல்டிங் இடங்களில் விரிசல் உண்டா என்று பாருங்கள். மாடல் பெயரை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் போட்டு, திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ராக்கோடு வரும் மெல்லிய கேபிள் பூட்டைப் பெரிதாக நம்பாதீர்கள், அது ஒரு வெட்டுக்கத்தரிக்குத் தாங்காது. சாப்பிட நிறுத்தினால் கனமான சங்கிலி போட்டு, ஜன்னல் வழியே கார் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்காருங்கள். ஹிட்ச் பின்னும் பூட்டுள்ளதாக இருக்கட்டும். ராக்கோடு சேர்த்தே உருவிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும், கிளம்பும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். பின்னும் அதன் கிளிப்பும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கடைசி சைக்கிளைப் பிடித்து இடவலமாகப் பலமாக ஆட்டுங்கள். காரும் சேர்ந்து ஆடினால் புறப்படலாம். ராக் மட்டும் ஆடினால் இறுக்கிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். பத்து மைல் போனதும் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தி இன்னொரு தடவை இதையே செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற காரிலும் ஒரு குடும்பம் இருக்கிறது.